மூன்று கிழமைக்கொரு ஊசி

இருபத்து மூன்று வயதாகியும் என் குரல் உடையவில்லை. குறிகாட்டுவான் துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் நான் அப்போது கொண்டக்டர். பின்படியில் நின்று "மடத்துவெளி இறங்கிறவை வாங்கோ" என்று கத்தினால், முன்னால் இருப்பவர்கள் எந்தப் பெண்பிள்ளை கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நயினாதீவுக் கோயிலுக்குப் போகும் வெளியூர்ச் சனம்தான் அப்படிப் பார்க்கும். எங்கள் ஊர்ச் சனத்துக்கு அது பழகிவிட்டது. ஆனாலும் பகிடி பண்ணுவதை மட்டும் விடவில்லை.

முகத்தில் ஒரு மயிர் கிடையாது. ஆனால் நல்ல உயரம், உயரத்தையும் மிஞ்சிய கைகள். சன நெரிசலில் பஸ்ஸின் நடுவில் நின்றபடியே இரண்டு பக்கமும் கையை நீட்டிக் காசு வாங்கிவிடுவேன். வேலைக்கு அது வசதி. மற்றபடி என் உடம்பை நான் ஒளித்துத்தான் வைத்திருந்தேன். கிணற்றடியில் மற்ற இளந்தாரிகள் நிற்கும்போது குளிக்கப் போகமாட்டேன். கூடப் படித்தவர்களின் கல்யாணங்களுக்குப் போனால் பந்தியில் பரிமாறுகிற வேலையை முதலில் பிடித்துக்கொள்வேன். கையில் வாளி இருந்தால் யாரும் இருத்தி வைத்து "உனக்கு எப்ப?" என்று கேட்க ஏலாது.

பெற்றோர் இறந்த பிறகு மடத்துவெளியில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். "எங்கடை பரம்பரையிலை மீசை பிந்தித்தான் வாறது" என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கல்யாணப் படத்தில் இருந்த அடர்ந்த மீசையைப் பற்றி யாராவது கேட்டால் அன்றைக்கு அவளுக்குக் காது கேட்காது.

என்னில் உண்மையாகவே அக்கறைப்பட்ட இன்னொருவர் எங்கள் றைவர் அண்ணை. ஐம்பத்தைந்து வயது, பெரிய மீசை, சிரித்தால் ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடும். அவருடைய மைத்துனர் கப்பலில் வேலை செய்தார். எண்பத்து நான்காம் ஆண்டு அந்த மைத்துனர் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய குளிசைப் போத்தல் ஒன்று அண்ணையின் கைக்கு வந்தது. லேபிளில் தசையை முறுக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் நின்றான்.

"தம்பி, உது ஆம்பிளைச் சத்து. ஒரு மாசம் போடு. மீசை முளைக்காட்டி என்ரை மீசையை வழிச்சுத் தாறன்" என்றார் அண்ணை. சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையிலும் ஒரு குளிசையைக் கொட்டினார்.

"உங்களுக்கேன் அண்ணை? உங்களுக்குத்தான் மீசை இருக்கே?"

"எனக்கு மீசைக்கில்லை" என்று சொல்லி, கடற்பக்கம் பார்த்துக்கொண்டு விழுங்கினார்.

அன்றிலிருந்து காலையில் துறையடியில் பிளேன்ரீ குடிக்கும்போது எனக்கொன்று, அவருக்கொன்று. சில கிழமைகளில் என் நெற்றியில் பருக்கள் கிளம்பின. மேலுதட்டில் பூஞ்சணம்போல ஏதோ தெரிந்தது. கண்ணாடியின் முன் நான் நின்ற நேரத்தை அக்கா கவனித்துவிட்டு, "சோறு வேண்டாமோ? கண்ணாடியைத் தின்னப்போறியோ?" என்று கேட்டாள். நான் சந்தோசமாக இருந்தேன். அண்ணைக்குத்தான் வேறு மாதிரிப் போயிற்று.

அவருக்கு அடிக்கடி சலம் முட்டத் தொடங்கியது. அல்லைப்பிட்டி வெளியில் பஸ்ஸை நிற்பாட்டுவார், இறங்கி ஒரு பற்றை மறைவுக்குப் போவார், போனவர் வரமாட்டார். முட்டுகிறதே தவிரப் போகிறதில்லை. ஒருநாள் முழுப் பஸ்ஸும் வெயிலில் காத்துக்கொண்டிருந்தது. சரவணையைச் சேர்ந்த பெண் ஒருவர் தினமும் வங்களாவடிச் சந்தியில் ஏறி, பட்டணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் ரைப்பிஸ்ற் வேலைக்குப் போய்வந்தார். அவர் யன்னலால் தலையை நீட்டி, "றைவர் அண்ணை, உங்கடை அலுவல் முடிஞ்சால் நாங்களும் எங்கடை அலுவலுக்குப் போகலாம்" என்றார். பஸ் கொல்லென்று சிரித்தது. பற்றைக்குள்ளிருந்து அண்ணையின் குரல் மட்டும் வந்தது: "பிள்ளை, பகிடி விடாதை. இஞ்சை சீவன் போகுது."

அதே கிழமை எனக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. உடம்பெல்லாம் கடி, சொறிந்து மாளவில்லை. அக்கா என் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "செங்கமாரி!" என்று கத்தினாள். இரண்டு நாள் கீழ்க்காய்நெல்லியை அரைத்துத் தந்தாள். மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்றாம் நாள் எங்கள் பஸ்ஸிலேயே என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய் ஒரு டொக்டரிடம் காட்டினாள்.

டொக்டர் ஒரு பெண். நடுத்தர வயது, வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வை. என் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமத்தினார், பிறகு வேறு ஏதாவது குளிசை போட்டனீரோ என்று கேட்டார். நான் சட்டைப்பையிலிருந்த போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். லேபிளை வாசித்துவிட்டு அதைத் தன் லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

"உதுதான் உம்மடை ஈரலைப் பழுதாக்கினது. உது ஆம்பிளை ஓமோனை வாயாலை போடுறதுக்காக மாத்திச் செய்த சாமான். மலிவு, ஆனால் ஈரலுக்குக் கூடாது. நிப்பாட்டினால் மஞ்சள் வடியும். அது கிடக்கட்டும், ஏன் இதைப் போட்டனீர்?"

அக்கா எனக்காகப் பதில் சொன்னாள். "மீசை வரேல்லை டொக்டர். எங்கடை பரம்பரையிலை…"

"பரம்பரையை விடுங்கோ." டொக்டர் எழுந்து வந்து, என்னைக் கைகளை விரித்தபடி சுவரோடு நிற்கச் சொல்லி நாடாவால் அளந்தார். என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சோதித்தார். அக்காவுக்குக் கேட்கக்கூடாத கேள்விகளை மெதுவாகக் கேட்டார். திரும்பி வந்து கதிரையில் இருந்தவர் நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"சோறு அடிப்பிடிச்சால் உமக்கு மணக்குமோ?"

"ஓம்" என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றே சொல்லிப் பழகியிருந்தேன்.

"எப்பிடி மணக்கும்?"

அதை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் கோப்பித்தூள் ரின் ஒன்றைத் திறந்து, என் கண்ணைப் பொத்திக்கொண்டு மூக்கடியில் பிடித்தார். பிறகு சவர்க்காரம். பிறகு கராம்பு எண்ணெய். மூன்றும் எனக்கு வெறும் காற்றாகவே இருந்தன. மல்லிகை மணக்குது, கருவாடு மணக்குது என்று சனம் சொல்வதை, "நெஞ்சு கல்லாப் போச்சு" என்று சொல்வதுபோல, ஒரு பேச்சு வழக்கு என்றே நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். வேறு கொண்டக்டர்மார் ஏற்ற மறுக்கிற மீன் கடகங்களை நான் மறுக்காமல் ஏற்றியதற்காகத் துறையடியில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அது என் நல்ல மனம் என்றுதான் எல்லோரும், நானும், நினைத்தோம்.

அக்காவால் நம்ப ஏலவில்லை. "பொய் சொல்லாதை! போன வருஷம் கட்டிலுக்குக் கீழை எலி செத்துக் கிடக்க, மணக்குதெண்டு நீதானே எடுத்தனி?"

"நீ மணக்குதெண்டாய். அதாலை எடுத்தனான்."

டொக்டர் சிரித்துவிட்டார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கும்படி சொன்னார். மணத்தை அறிகிற நரம்பும், ஓமோனைச் சுரக்கச் சொல்லிக் கட்டளை கொடுக்கிற கலங்களும், தாயின் வயிற்றில் பிள்ளை உருவாகும்போது ஒரே வழியால் மூளைக்குப் போய்ச் சேரவேண்டியவையாம். "உம்மடை விஷயத்திலை இரண்டு பேரும் பஸ்ஸைத் தவறவிட்டிட்டினம்" என்றார். "உமக்கு வேறை ஒரு குறையுமில்லை. கட்டளை வராதபடியாலை வேலை நடக்கேல்லை. அவ்வளவுதான்."

அக்கா அழுதாள். எனக்கோ சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமும் எனக்குள் ஏதோ பெரிய பாவம் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் அது ஒரு பஸ் விஷயம்.

இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வர நாள் எடுத்தது. டெஸ்டோஸ்டெரோன் என் இரத்தத்தில் அனேகமாக இல்லை என்று எழுதியிருந்தது. அதற்குள் கண்ணின் மஞ்சளும் வடிந்துவிட்டது. மணிக்கட்டை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்த டொக்டர், என் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதோடு பலமும் காணாது என்றார். மருந்து மீசைக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் தேவை.

"தோலுக்குக் கீழை புதைச்சு வைக்கிற குளிசையொண்டு இருக்கு. மாசக்கணக்கிலை கரையும். அது இஞ்சை இல்லை. எண்ணெய் நிறைச்ச கூட்டுக்குளிசை வெளிநாட்டிலை வருது, அது ஈரலுக்குக் கரைச்சல் தராது, ஆனால் எடுக்கிறது கஷ்டம். எங்களுக்கு ஊசிதான் சரி. எண்ணெயிலை கரைச்ச மருந்து, தசையிலை போட்டால் ஆறுதலா இரத்தத்திலை சேரும். முதல்லை எப்பனா, சின்ன அளவிலை தொடங்கி, பேந்து மூண்டு கிழமைக்கு ஒருக்கா."

"கூடப் போட்டால் கெதியா வளருமோ?" என்று நான் கேட்டேன்.

"கூடப் போட்டால் இரத்தம் தடிக்கும், கோபம் வரும், கால் வீங்கும். உது பசளையில்லை, அள்ளிப் போட. இடைக்கிடை வந்து இரத்தம் குடுக்கவேணும். இன்னொண்டும் இப்பவே சொல்லவேணும். இந்த ஊசி மீசை தரும், பிள்ளை தராது. பிள்ளை வேணுமெண்டால் அதுக்கு வேறை மருந்து இருக்கு. அந்த நேரம் வரட்டும், பாப்பம்."

முதல் ஊசி எங்கள் தீவு ஆஸ்பத்திரியில். ஊசி போடுகிற மிஸி மருந்துக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கினார். "கச்சான் சாப்பிட்டால் உமக்குக் கடி, வீக்கம் ஏதும் வாறதோ?" என்று கேட்டார். மருந்து கச்சான் எண்ணெயில், அதாவது நிலக்கடலை எண்ணெயில், இருக்கிறதாம். குறிகாட்டுவானில் கச்சான் விற்கிற மனிசியிடம் தினமும் ஒரு சுருள் வாங்குகிறவன் நான் என்றேன். தடித்த ஊசி. எண்ணெய் இறங்க நேரம் எடுத்தது. "அவசரப்படுத்தக் கூடாது, இரத்தக் குழாய்க்குள்ளை போனால் இருமல் பிடிக்கும், மூச்சு முட்டும்" என்று சொல்லிச் சொல்லி மெதுவாகப் போட்டார். அன்று முழுதும் ஒரு பக்கம் சரிந்து நின்றே ரிக்கெட் கிழித்தேன்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட றைவர் அண்ணைக்குத் தனக்கும் அந்த ஊசி வேண்டும். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த முறை நான் டொக்டரிடம் போனபோது புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு கூட வந்து இருந்தார். டொக்டர் பத்து நிமிஷம் விசாரித்துவிட்டு அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். உள்ளே "ஐயோ அம்மா!" என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சோதனையைப் பற்றி அண்ணை வாழ்நாளில் கதைத்ததில்லை.

"உங்களுக்கு அந்த ஓமோன் குறையேல்லை, வயசுதான் கூடியிருக்கு" என்று டொக்டர் அவருக்குச் சொன்னார். "சலப்பைக்குக் கீழை இருக்கிற சுரப்பி வீங்கியிருக்கு. உந்தக் குளிசை அதுக்குத் தீனி போட்டிருக்கு. இனி ஊசியுமில்லை, குளிசையுமில்லை. அதிலை புற்றுநோய் ஏதும் இருக்கோ எண்டும் பாக்கவேணும்."

நல்லகாலம், அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பிறகு ஒரு ஒப்பரேஷனும் நடந்து, அல்லைப்பிட்டி வெளியில் பஸ் நிற்பது நின்றுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைப் பார்க்கப் போனபோது அண்ணை சொன்னார்: "கூடினாலும் கரைச்சல், குறைஞ்சாலும் கரைச்சல். கடவுள் இதுக்கொரு மீற்றரை வெளியிலை பூட்டியிருக்கலாம்."

சில மாதங்களில் என் குரல் உடைந்தது. நடுவழியில், முழுச் சனத்துக்கும் முன்னால். "மடத்து" என்பது மேலே போய், "வெளி" என்பது கிணற்றுக்குள் விழுந்த வாளிபோலக் கேட்டது. முழுப் பஸ்ஸும் கைதட்டியது. வெட்கத்தில் நான் சிவந்து போனேன். ஆனால் அன்று பின்நேரம் ஆட்களே இல்லாத இடங்களிலும் இரண்டு மூன்று தரம் கத்திப் பார்த்தேன்.

முதல் சவரத்தை அண்ணைதான் செய்துவிட்டார். குறிகாட்டுவானில் லோஞ்ச் படகு வரக் காத்திருந்த நேரம், பஸ்ஸின் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் என்னை நிற்க வைத்து, சவர்க்கார நுரை பூசி, ஒரு சடங்குபோலச் செய்தார். கோயிலுக்குப் போக நின்ற சனம் சுற்றி நின்று பார்த்தது. பிளேட் நாடியை வெட்டியபோது நான் கத்தவில்லை. அந்த வெட்டுக்கூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிழையான பக்கமும் இருந்தது. ஊசி போட்ட கிழமையில் எனக்குள் ஒரு சண்டைக்கோழி புகுந்துவிடும். மிச்சக் காசு கேட்கிறவர்களோடு வாக்குவாதப்படுவேன். மூன்றாம் கிழமை முடிய வர, சீலைபோலத் துவண்டு யன்னலோடு சாய்ந்து நிற்பேன். அண்ணை என் முகத்தைப் பார்த்தே கிழமையைச் சொல்லிவிடுவார். "தம்பியோடை இண்டைக்கு ஒருத்தரும் கதைக்காதேங்கோ, நேற்றுத்தான் எண்ணெய் விட்டது" என்று பயணிகளுக்கு அறிவிப்பும் செய்வார். டொக்டரிடம் சொன்னபோது அளவைக் குறைத்து, கொஞ்சம் கிட்டக்கிட்டப் போடச் சொன்னார். அதன்பின் மேடுபள்ளம் குறைந்தது.

ஒருநாள் பின்நேரம், வங்களாவடியில் இறங்குகிற அந்த ரைப்பிஸ்ற் பெண் என்னிடம் சொன்னார்: "கொண்டக்டர், உங்கடை முந்தின குரல்தான் எனக்கு வசதி. வேலையாலை வரேக்கை நித்திரை கொண்டாலும் அது எழுப்பிப்போடும். இப்ப உள்ள குரல் தாலாட்டுப்போல கிடக்கு. நான் குறிகாட்டுவானுக்குப் போய்த்தான் எழும்புவன் போல."

அடுத்த நாளிலிருந்து வங்களாவடி வரும்போது அவருடைய இருக்கைக் கம்பியில் ஒரு நாணயத்தால் இரண்டு தட்டுத் தட்டுவேன். அவர் நித்திரை கொள்ளாத நாட்களிலும் தட்டினேன். நான் தட்டவேண்டும் என்பதற்காகவே அவர் சில நாட்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது.

இதைக் கேள்விப்பட்ட அக்கா கல்யாணப் பேச்சுக்காலுக்கு அவர் வீட்டுக்குப் போகத் துடித்தாள். நான் மறித்தேன். முதலில் உள்ளதைச் சொல்லவேண்டும். ஒரு சனிக்கிழமை வங்களாவடிச் சந்தியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: மூக்கு, ஊசி, அது வாழ்நாள் முழுக்கத் தொடரும் என்பது, பிள்ளை பிறப்பது நிச்சயமில்லை என்பது. அவர் குடையின் பிடியைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"உண்மையா ஒண்டும் மணக்காதோ?"

"மணக்காது."

"நான் குசினியிலை சோத்தை எரிச்சுப் போட்டாலும் தெரியாதோ?"

"நாக்கு எரிஞ்சால்தான் தெரியும்."

"அப்ப யோசிக்கலாம்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அந்த டொக்டரை நானும் ஒருக்காப் பாக்கவேணும்" என்றார்.

பார்த்தார். நான் வெளியே வாங்கிலில் இருந்தேன். உள்ளே அரைமணித்தியாலம் கதைத்தார்கள், இரண்டு தரம் சிரித்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. வெளியே வந்து, "அக்காவை வரச் சொல்லுங்கோ" என்றார். அந்த ஆவணியில் கல்யாணம். கல்யாணப் படத்தில் எனக்கு மீசை இருக்கிறது. மெல்லியதுதான், ஆனாலும் இருக்கிறது.

சண்டையால் பாதை மூடப்படும் நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போக ஏலாது. அதனால் மிஸியிடம் கேட்டு ஊசி போடுவதை மனைவி பழகிக்கொண்டார். ரைப் அடித்துப் பழகிய விரல்களுக்கு அது கெதியாகப் பிடிபட்டது. சரியான இடத்தை எடுத்து, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்துத்தான் மருந்தை விடுவார். அந்த நேரம் நான் அசைந்தால் எனக்கு ஏச்சு விழும்.

தொண்ணூறில் தீவை விட்டு வெளிக்கிட்டோம். அண்ணை வவுனியாவில் மகளிடம் போனார். நாங்களும் அக்காவும் வலிகாமத்தில் ஒரு வீட்டின் இரண்டு அறைகளில். ஊசிமருந்து வருவது நின்றுபோனது. டொக்டர் அதே பட்டணத்தில்தான் இருந்தார். "பயப்பிடாதையும், இது நிண்டால் சீவன் போகாது. ஆனால் திரும்பக் கிடைக்கேக்கை விட்டதையும் சேர்த்து இரண்டாப் போடக்கூடாது" என்றார். சில மாதங்கள் மருந்தில்லாமல் இருந்தேன். உடம்பு வியர்க்கும், மனம் மந்தமாகும், சைக்கிள் உழக்க முழங்கால் கெஞ்சும். ஒருநாள் நிவாரண வரிசையில் என்னை ஒருவன் தள்ளிவிட்டு முன்னுக்குப் போக, நான் விலகி இடம் விட்டேன். மனைவி அன்றே கனடாவிலிருந்த தன் தமையனுக்குக் கடிதம் எழுதினார்.

கிளாலிக் கடலைத் தாண்டி யாரோ ஒரு புண்ணியவானின் பையில் கூட்டுக்குளிசைகள் வந்தன. முன்பு டொக்டர் சொன்ன அந்த எண்ணெய்க் குளிசைகள்தான். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேராது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடவேண்டும். சனம் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் எனக்கு மருந்தின் பெயரால் தேங்காய்ப்பால் விட்ட புட்டு. "எனக்கும் உப்பிடியொரு வருத்தம் வரக்கூடாதோ" என்று அக்கா முணுமுணுத்தாள். உண்மையில் அந்தப் புட்டை மூன்று பேரும் பிரித்துத்தான் சாப்பிட்டோம்.

தொண்ணூற்று மூன்றில் பிள்ளைக்கான வைத்தியத்துக்கென்று நாங்கள் இருவரும் கொழும்புக்குப் போனோம். அங்கே டெஸ்டோஸ்டெரோனை நிறுத்தினார்கள். வெளியிலிருந்து அதைக் கொடுத்தால் உடம்பு தானாக விந்தணு உண்டாக்காதாம். பதிலாக, மூளையிலிருந்து வராத அந்தக் கட்டளைகளையே ஊசியாகப் போட்டார்கள். கிழமையில் பல ஊசிகள். செலவில் பெரும்பங்கைக் கனடா மைத்துனர் பார்த்தார், மிச்சத்துக்கு நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் நின்றேன். ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. மனைவி ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை என்று எழுதினால் அது பொய். சலித்தார், அழுதார், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஊசியை எடுத்தார்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் மகள் பிறந்தாள். பாதை கொஞ்சம் இளகியிருந்த நாட்கள் அவை. செய்தி கேட்ட அக்கா, இரண்டு பயணப்பையும் ஒரு பெட்டி பனங்கிழங்கு ஒடியல்மாவும் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் இறங்கி ஏறி, நாங்கள் இருந்த வெள்ளவத்தை அறைக்கு வந்து சேர்ந்தாள். வந்தவள் முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

"மெலிஞ்சு போனாய். இஞ்சை ஒழுங்காச் சாப்பிடுறனீயோ?"

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, மனைவியின் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். குழந்தை உடனே வீறிட்டு அழுதது. "பாரன், என்ன தொண்டை!" என்று அக்கா பெருமையோடு சொல்லிக்கொண்டு அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். கீழ்வீட்டுக்காரர் என்னவென்று பார்க்க மேலே ஏறி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு தேத்தண்ணி போட மனைவி என்னைக் குசினிக்கு அனுப்பினார்.